கடைசி வீட்டுக்கு இருபத்து நாலு மார்க்

சிங்காநல்லூரில் எங்கள் சந்து மெயின் ரோட்டிலிருந்து இறங்கிச் சாக்கடைப் பள்ளத்தில் போய் முடியும். நிஜமாகவே இறக்கம். சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால் பெடல் மிதிக்காமல் கடைசி வீடு வரை போய்விடலாம். திரும்பி ஏறும்போதுதான் நாக்குத் தள்ளும். மொத்தம் இருபத்திரண்டு வீடு. தொண்ணூறுகளின் நடுவில் அந்த இருபத்திரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு பொதுக்குழாய் தருகிறோம் என்றார்கள்.

அதுவரை எங்களுக்கு லாரித் தண்ணீர். லாரி சந்துக்குள் இறங்காது. மெயின் ரோட்டிலேயே நிற்கும். குடத்தைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் மேலே ஏற வேண்டும். குழாய் வரப்போகிறது என்றதும் சந்தே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. அளக்க வந்த ஓவர்சியர் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். "எங்க வெக்கறதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க. அத்தன வீட்டுக் கையெழுத்தும் வேணும். ஒரு கையெழுத்துக் கொறஞ்சாலும் குழி தோண்ட மாட்டேன். நாளைக்கு எவனாவது வந்து மண்வெட்டியப் புடிப்பான்."

மூன்று இடம் இருந்தது. மேலே, ரோட்டை ஒட்டி, மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் வீட்டு முன்னால். நடுவில், கரண்ட் கம்பத்துக்குப் பக்கத்தில். கீழே, சந்தின் கடைசி வீட்டு வாசலில்.

கடைசி வீட்டில் ஒரு அக்கா தனியாக இருந்தார். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப் போயிருந்தது. வீட்டிலேயே உட்கார்ந்து மோட்டாருக்குள் வைக்கிற கம்பிச் சுருளை, காயில் என்பார்கள், சுற்றித் தருவார். பீளமேட்டுப் பட்டறைகளில் இருந்து செம்புக் கம்பி வரும், சுற்றின காயில் திரும்பிப் போகும். எத்தனை சுற்று என்று வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு நம்மோடும் பேசுவார். ஒரு சுற்றுக்கூடத் தப்பாது. நான் பம்ப் மோட்டார் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருந்தவன், அதனால் சொல்கிறேன். அவர் சுற்றின காயில் எங்கள் டெஸ்டில் தேறாமல் போனதே இல்லை.

அவரால் குடத்தைத் தூக்கிக்கொண்டு அந்தச் சரிவில் நடக்க முடியாது. அதனால் நாளுக்கு ஒரு வீடு என்று முறை வைத்து ஆளுக்கு இரண்டு குடம் கொண்டுபோய் அவர் வீட்டில் ஊற்றுவோம். ஆறு வருஷமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கெல்லாம் அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

முதல் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவர் வீட்டு வாசலில் நடந்தது. நடந்தது என்று சொல்லக்கூடாது. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

"எங்க வெக்கலாம்னு சொல்லுங்க" என்றார் பெரியவர்.

"நீங்க சொன்னாச் சரிங்க."

"நான் என்னத்தச் சொல்றதுங்க. எல்லாருக்கும் தோதா இருக்கோணும்."

"உங்கூட்டு முன்னாடியே இருக்கட்டுமுங்க."

"உங்களுக்கெல்லாம் சரின்னா எனக்கும் சரிங்க."

"அப்பச் சரிங்க."

முடிந்தது. மேலே வைப்பது என்று முடிவு. கிளம்பும்போது ஒவ்வொருத்தரும், ஓரமாக உட்கார்ந்திருந்த கடைசி வீட்டு அக்காவிடம், "உங்கூட்டு முன்னாடி வெச்சிருந்தா உங்களுக்குச் சௌகரியமா இருந்திருக்கும் அம்மணி" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்கள்.

எனக்கு இந்த 'ங்க' போட்டுப் பேசுகிற வித்தை வராது. பிறந்தது இதே ஊர்தான். ஏனோ நாக்கில் ஒட்டவில்லை. என் பெண்டாட்டி வீட்டில் என்னை மாப்பிள்ளை பார்க்க வந்தபோதே, "பையன் பேச்சு கொஞ்சம் முள்ளு" என்று சொல்லிவிட்டுத்தான் பெண் கொடுத்தார்கள். அன்று சாயந்தரம் டீக்கடையில் அந்த முள் வெளியே வந்தது. கடையில் நின்றவர்கள் எல்லோரும் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேலே வைத்தால் ரோட்டில் போகிறவன் வருகிறவனெல்லாம் பிடிப்பான் என்றார் ஒருவர். குடத்தோடு இறங்குகிறபோது வழுக்கும் என்றார் இன்னொருவர். பெரியவரே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்ற ஊட்டு முன்னாடி வேண்டவே வேண்டாம் தம்பி. சேறு, சண்டை, விடிஞ்சா குடச் சத்தம். ஆனா அவங்க கேக்கறப்ப மாட்டேன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

"அப்புறம் என்ன எழவுக்கு எல்லாரும் தலையாட்டுனீங்க?" என்று கத்தினேன். கடைக்காரர் பாய்லரை விட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அவ்வளவு மரியாதையாகப் பேசிப் பேசி, ஒருத்தருக்குக்கூடப் பிடிக்காத இடத்தை இருபத்திரண்டு வீடும் ஒரே மனதாக முடிவு பண்ணியிருக்கிறோம். எங்கள் ஊரில் மட்டும்தான் இப்படி நடக்கும் என்று அப்போது நினைத்தேன்.

எங்கள் கம்பெனியில் வருஷா வருஷம் டூர் போவோம். எங்கே போவது என்று அடிதடி நடக்கும். அதற்கு சூப்பர்வைசர் ஒரு வழி வைத்திருந்தார். மூன்று ஊர் பெயரை எழுதிச் சீட்டுக் கொடுப்பார். ரொம்பப் பிடித்த ஊருக்கு மூன்று மார்க், அடுத்ததற்கு இரண்டு, பிடிக்காததற்கு ஒன்று. சீட்டில் பெயர் எழுதக் கூடாது. எல்லாச் சீட்டையும் கூட்டினால் எது அதிகமோ அந்த ஊர். அப்படித்தான் ஒரு வருஷம் கொடுமுடிக்குப் போய்க் காவிரியில் குளித்துவிட்டு வந்தோம், ஒரு சண்டை இல்லை. அதையே சந்திலும் செய்வோம் என்றேன். யாரும் யார் முகத்துக்காகவும் தலையாட்ட வேண்டாம். சீட்டுக்கு மரியாதை தெரியாது. மனதில் இருப்பது அப்படியே வெளியே வரும். வீட்டுக்கு ஒரு சீட்டு.

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். மரியாதைக்கு ஒத்துக்கொண்டார்களோ என்னவோ.

அடுத்த ஞாயிறு. டவுனிலிருந்து எங்கள் சந்துக்குக் குடிவந்திருந்த தையல்கார பாய்தான் சீட்டுகளைப் படித்தார். அவர் நாலாவது வீடு. எந்தப் பக்கமும் சாயாத மனுஷன் என்று எல்லோருக்கும் அவர் மேல் நம்பிக்கை. நான் பெரியவர் வீட்டுச் சுவரில் சாக்பீஸால் மார்க் எழுதினேன். கடைசி வீட்டு அக்கா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெண், அவரை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவள், அந்த முக்காலியைத் தன் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"மேல் ரெண்டு, நடு மூணு, கடைசி ஒண்ணு" என்று பாய் படித்தார்.

"மேல் மூணு, நடு ரெண்டு, கடைசி ஒண்ணு."

"மேல் ரெண்டு, நடு மூணு, கடைசி ஒண்ணு."

ஆறேழு சீட்டு போனதும் வாசலில் பேச்சு நின்றுவிட்டது. பத்துச் சீட்டுக்கு மேல் பாயின் குரல் இறங்கிவிட்டது. 'கடைசி ஒண்ணு' என்பதை வாய்க்குள்ளேயே சொன்னார். அப்போதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. கையில் சாக்பீஸ் இருக்கிறவனுக்குக் கணக்குத்தான் கண்ணில் தெரியும். நடுவில் ஒரே ஒரு சீட்டு வேறு மாதிரி வந்தது: மேல் ஒண்ணு, நடு ரெண்டு, கடைசி மூணு. அது யாருடையது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

கூட்டி எழுதினேன். நடு ஐம்பத்தெட்டு. மேல் ஐம்பது. கடைசி இருபத்து நாலு.

அக்கா சுவரைப் பார்த்தார். எண்ணுவதே பிழைப்பாக இருக்கிறவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

"இருபத்தியொரு ஒண்ணு. என்ற மூணு. கணக்குச் சரிங்க" என்றார். முக்காலியைப் பிடித்து எழுந்து, சுவரோரமாகக் கையை ஊன்றி ஊன்றிக் கீழே இறங்கிப் போனார்.

யார் எதற்குப் போட்டார் என்று தெரியக் கூடாது என்றுதான் பெயர் இல்லாத சீட்டு. ஆனால் அத்தனை பேரும் ஒன்றையே போட்டால் எங்கே ஒளிவது? என் அழகான ஏற்பாட்டில் இந்த ஓட்டை இருந்தது எனக்குத் தெரியவில்லை. ஒரு கூட்டல் தொகையை வைத்தே அந்த மனுஷிக்குச் சந்து முழுக்க ஒவ்வொரு வீடும் தனக்கு என்ன போட்டது என்று தெரிந்துவிட்டது. வாசலில் நின்று அக்கா அக்கா என்கிறவள் உட்பட. நான் உட்பட.

ஆமாம், நானும் ஒன்றுதான் போட்டேன். என் வீடு கம்பத்துக்கு எதிரில்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கீழே வைத்தால்தான் தண்ணீர் நன்றாக வரும் என்று எனக்குத் தெரியும். நாள் முழுக்க பம்ப் டெஸ்ட் பண்ணுகிறவனுக்கு இதுகூடத் தெரியாதா? பிரஷர் குறைகிற நாளில் மேட்டில் இருக்கிற குழாய் இருமிக்கொண்டு நிற்கும், பள்ளத்தில் இருப்பது ஊற்றும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

முடிவு நடுக்கம்பம் என்று ஆனது. கையெழுத்துத் தாள் வீடு வீடாகப் போனது. இருபத்தொன்று விழுந்தது. கடைசி வீட்டில் விழவில்லை.

அக்கா மாட்டேன் என்று சொல்லவில்லை. அதுதான் விசேஷம். ஒவ்வொருத்தராகப் போனார்கள். "ஏனுங் அம்மணி, ஒரு கையெழுத்துங்க." அவர் உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, சிரித்துக்கொண்டே, "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்றார். மறுபடி போனால் மறுபடி காப்பி. பெரியவரே தடியை ஊன்றிக்கொண்டு இறங்கிப் போனார். "யோசிச்சுச் சொல்றேனுங்க, நீங்க பாத்துப் போங்க, வழுக்குமுங்க." அதற்கு மேல் என்ன பேச முடியும்? எங்கள் ஆயுதத்தையே எடுத்து எங்கள் மேல் திருப்பியிருந்தார். ஓவர்சியர் ஒரு நடை வந்து பார்த்துவிட்டு, இந்த மாதக் கடைசிக்குள் தாள் வராவிட்டால் குழாய் அடுத்த சந்துக்குப் போய்விடும் என்று சொல்லிப் போனார்.

அக்கா இன்னொன்றும் செய்தார். நாங்கள் கொண்டுபோகிற தண்ணீரை வாங்கவில்லை. "இருக்குதுங்க, போதுமுங்க" என்று குடத்தோடு திருப்பி அனுப்பினார். லாரி வந்த ஒரு காலையில் பார்க்கிறேன், ஒரு சின்னப் பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டிலிருந்து இறங்கி வருகிறார். ஓடிப்போய்க் கையை நீட்டினேன்.

"குடுங்க அக்கா."

"வேண்டாம் தம்பி. நீங்க எண்ணிட்டு வாங்க. நீங்கதான் நல்லா எண்ணுவீங்களே."

எண்ணினேன். வேறு என்ன செய்ய? வீடு போய்ச் சேருவதற்குள் பதினோரு இடத்தில் நின்றார். ஒவ்வொரு தடவையும் குடம் சரிந்து புடவை நனைந்தது. வாசலில் இறக்கி வைத்தபோது குடத்தில் பாதிகூட இல்லை. எங்கள் முறை வருகிற நாளில் என் பெண்டாட்டி இரண்டு குடம் தூக்கிக்கொண்டு ஒரே மூச்சில் இறங்குகிற அதே தூரம்தான். என் சீட்டு முறையில் இரண்டு பேருக்கும் போடக் கிடைத்தது ஒரே மூன்று மார்க்தான். பதினோரு தடவை நிற்கிறவளுக்கும் ஒரு சீட்டு, நிற்காதவளுக்கும் ஒரு சீட்டு.

"உங்களுக்குத் தண்ணி கொண்டாந்து ஊத்தறதுல யாராச்சும் கொற வெச்சாங்களா அக்கா? எதுக்கு இப்படி வீம்பு பண்றீங்க?" என்று கேட்டேன். எனக்குக் கேட்கத் தெரிந்த விதம் அதுதான்.

அவருக்குக் கோபம் வரவில்லை. கம்பிச் சுருளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார். "கொற சொன்னா என்ற நாக்கு அழுகிப் போயிரும். ஆறு வருசமா ஊத்தறாங்க. ஆனா தண்ணி வாங்கற ஆளு எப்பவும் சிரிச்சுட்டே இருக்கோணும் தம்பி. காய்ச்சல்னாலும் சிரிக்கோணும். வயித்து வலின்னாலும் வாங்க கண்ணுன்னு கூப்பிடோணும். ஒருத்தர் மேல ஒரு நாள் மொகஞ் சுளிச்சா அடுத்த மொறைக்கு மறந்துருவாங்களோன்னு பயம். குழாய் இங்க வந்தா ஒரு நாளாச்சும் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருக்கலாம்னு நெனச்சேன். வேற ஒண்ணுமில்ல."

எண்ணிக்கையை விடாமல்தான் இதையும் சொன்னார்.

நான் மேலே ஏறி வந்து பெரியவரிடம் இன்னொரு கூட்டம் வைக்கச் சொன்னேன். அடுத்த ஞாயிறு எல்லோரும் வந்தார்கள். அக்காவும் வந்தார், இந்தத் தடவை முக்காலியை வேண்டாம் என்று சொல்லி நின்றுகொண்டே இருந்தார்.

"கடைசி வீட்டுக்கு நான் ஒண்ணு போட்டேன்" என்றேன். "கீழ வெச்சாத்தான் தண்ணி நல்லா வரும்னு தெரிஞ்சே போட்டேன். நீங்க எல்லாரும் அக்காகிட்ட அங்கதான் வெக்கோணும்னு பேசினீங்க. எல்லாரும் மூணு போட்டுருவீங்க, என்ற வாசலுக்கு வராமப் போயிரும்னு நெனச்சு ஒண்ணு போட்டேன்."

பக்கத்து வீட்டுப் பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "நானும் அப்படித்தானுங்க நெனச்சேன். நான் ஒருத்தி போடாட்டியும் அக்காளுக்கு நீங்க எல்லாரும் போட்டுருவீங்கன்னு. வாசல்ல சேறாயிருமேன்னுதான்" என்றாள். பாய் தொண்டையைக் கனைத்தார். "நானும் அப்படித்தான்." பெரியவர் தடியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே, "நானும்" என்றார். இன்னும் நாலைந்து தலைகள் ஆடின.

எங்கள் சந்து கெட்ட சந்து இல்லை. ஒவ்வொருத்தரும் மற்ற இருபது பேரை நல்லவர்கள் என்று நம்பினோம். இரக்கத்தை அவர்கள் தலையில் போட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டோம். எல்லோரும் ஒரே மாதிரி நம்பினதில் அந்த அக்காவுக்கு ஒரு ஆள்கூட மிஞ்சவில்லை.

"அப்பக் கீழயே வெச்சர்லாமுங்க" என்றார் பெரியவர். "சம்மதம்னாக் கையத் தூக்குங்க." மளமளவென்று எல்லாக் கையும் மேலே போனது.

அக்கா எல்லாக் கைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "இது மரியாதைங்களா, நெசமுங்களா?"

தூக்கின கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. எனக்கே என் கையைப் பற்றித் தெரியாது.

"சீட்டே போடுங்க" என்றார் அவர். "மரியாதைக்கு வர்ற குழாய்க்கும் நான் சிரிச்சுட்டே இருக்கோணும். அது வேண்டாம்."

மறுபடி சீட்டு. பாய் படிக்க வாயைத் திறந்ததும் நான் நிறுத்தினேன். ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படிக்க வேண்டாம், நாம் இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்து கூட்டி, கூட்டலை மட்டும் சுவரில் எழுதுவோம் என்றேன். அந்தப் புத்தியாவது வந்தது. கடைசி ஐம்பது. நடு நாற்பத்தேழு. மேல் முப்பத்தைந்து. மூன்று மார்க் வித்தியாசம்.

அக்கா அந்த ஐம்பதை ரொம்ப நேரம் பார்த்தார். உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று தெரிந்தது. பிறகு நின்றுவிட்டது.

"யாரு என்ன போட்டாங்கன்னு கண்டுபுடிக்க முடியலீங்க" என்றார். "இது போதும். அந்தச் சீட்ட எல்லாம் அடுப்புல போட்டுருங்க தம்பி." அங்கேயே கையெழுத்துத் தாளைக் கேட்டு வாங்கினார். பழைய தாளில் நடு என்று எழுதியிருந்தது. பாய் புதுத் தாளில் எழுதிக் கொடுத்தார். மற்ற இருபத்தொரு பேரும் போட்ட பிறகு கடைசியாக அவர் போட்டார்.

சீட்டுகளை நான்தான் எங்கள் வீட்டு அடுப்பில் போட்டேன். கூட்டினவன் என்பதால் எத்தனை சீட்டில் கடைசி வீட்டுக்கு ஒன்று விழுந்திருந்தது என்று எனக்கும் பாய்க்கும் தெரியும். கொஞ்சம் இருந்தது. பாயும் யாரிடமும் சொல்லவில்லை, நானும் இங்கே சொல்லப் போவதில்லை.

இப்போது எதற்கெடுத்தாலும் மார்க் போடச் சொல்கிறார்கள். பால் பாக்கெட் கொண்டுவந்தவனுக்கு எத்தனை நட்சத்திரம், ஆஸ்பத்திரிக்கு எத்தனை நட்சத்திரம் என்று போன் கேட்டுக்கொண்டே இருக்கிறது. யாரோ எங்கேயோ எல்லாவற்றையும் கூட்டி யாருக்கு வேலை, யாருக்கு வீடு, யாருக்கு லோன் என்று முடிவு பண்ணுகிறார்கள். மெஷின் கணக்குப் போட்டது, மெஷினுக்குப் பாரபட்சம் தெரியாது என்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் சீட்டுக்கு மரியாதை தெரியாது என்று பெருமையாகச் சொன்னவன்தான். கூட்டல் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். எங்கள் சுவரிலும் சரியாகத்தான் இருந்தது. பதினோரு இடத்தில் நின்றவளோடு யாராவது ஒரு நடை நடந்து பார்த்தார்களா என்றுதான் நான் கேட்பேன். கேட்டால் பெரிசுக்குக் கோபம் ஜாஸ்தி என்கிறார்கள்.

குழாய் கடைசி வீட்டு வாசலில் வந்தது. தண்ணீர் நான் சொன்ன மாதிரியே ஊற்றியது. மேல் வீட்டுக்காரர்கள் குடத்தோடு ஏறும்போது என்னைத் திட்டிக்கொண்டே ஏறினார்கள். அது என் காதில் விழும்படியே திட்டினார்கள், ஆனாலும் 'ங்க' போட்டு.

இரண்டு வாரம் போயிருக்கும். காலையில் நான் குடத்தோடு வரிசையில் நின்றிருந்தேன். அக்கா தன் சின்னக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு உள்ளே போய் வருவதற்குள், பக்கத்து வீட்டுப் பெண் அதை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைத்திருந்தாள். "நான் புடிச்சு உள்ள கொண்டாந்து வெக்கறனுங்க அக்கா, நீங்க எதுக்கு" என்றாள்.

அக்கா வாசற்படியில் நின்று அவளை முறைத்தார். முகத்தில் சிரிப்பு துளியும் இல்லை.

"உன்ற கொடத்த எடுடி அங்கிருந்து" என்றார். "என்ற கொடத்த எவ நகத்தச் சொன்னா? வரிசைன்னா வரிசை."

வரிசையே திகைத்துப் போய் நின்றது. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. குடத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போய் நின்றாள். அக்கா தன் குடத்தை வைத்து, பாதி மட்டும் பிடித்து, குழாயை மூடி, இடுப்பில் ஏற்றிக்கொண்டு மூன்றே எட்டில் வீட்டுக்குள் போனார். நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. அன்று முழுக்க அவர் மூஞ்சி தூக்கினபடியே இருந்தது.